கைமதிப்பு தொண்ணூற்றேழு

குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தபோது ஆறுமுகநயினாரின் பெயரில் ஒரு புள்ளி குறைந்திருந்தது.

கதவுக்குப் பக்கத்தில் கம்பெனி பொருத்திய கண்ணாடிப் பலகையில் முந்தின நாள் வரை தொண்ணூற்றேழு என்று பச்சை எழுத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. இப்போது தொண்ணூற்றாறு. பால்காரர் பார்த்திருப்பார். எதிர்வீட்டு எண்பத்திரண்டும் பார்த்திருப்பார். பார்க்கவே இல்லை என்பதுபோல் செய்தித்தாளை அத்தனை உயரத்தில் தூக்கிப் பிடித்திருந்தாரே, அதிலேயே தெரிந்தது.

"உலகு, இங்க வா."

கரண்டியோடு வந்த உலகம்மாள் கணவர் முகத்தைப் பார்த்துப் பதறினாள். "யாரு செத்தா?"

"செத்திருந்தாக்கூட நாலு பேரு துக்கம் கேக்க வருவான். இதுக்கு எவன் வருவான்? பாரு."

அவள் பலகையைப் பார்த்தாள். கரண்டி கையிலிருந்து விழவில்லை என்பதுதான் ஆச்சரியம். "வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராகளே! தொண்ணூத்தேழுன்னுல்லா சொல்லியிருக்கோம்!"

மணற்காயல் உரத்தொழிற்சாலைக் குடியிருப்பில் பெண் பார்க்க வருகிறவர்கள் ஒரு காலத்தில் நட்சத்திரம் கேட்டார்களாம், நகை கேட்டார்களாம். இப்போது அந்த அற்பத்தனம் எல்லாம் ஒழிந்துவிட்டது. நேராக வாசற்பலகையைப் பார்ப்பார்கள். பிடித்தால் உள்ளே வருவார்கள். பிடிக்காவிட்டால் விலாசம் தப்பி வந்ததாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

"ரெண்டு மாசமாப் பயிற்சிக்குப் போறா உம் மக. அங்கதான் என்னமோ செஞ்சிருக்கா" என்றார் ஆறுமுகநயினார். காலைச் சாப்பாட்டை மறந்து, மடிப்புக் கலையாத சட்டையோடு பயிற்சி மையத்துக்குக் கிளம்பினார்.

தொழிற்சாலை முழுவதையும் ஒரே அறையிலிருந்து கணினிகள் மூலம் நடத்துகிற ஆட்களை உருவாக்கும் மையம் அது. நிஜத்தில் தொழிற்சாலையைக் கணினிகளே நடத்திக்கொள்ளும். முன்னால் ஒரு ஆள் உட்கார வேண்டும் என்பது சட்டம். அந்த ஆளைத்தான் பேனல் ஆபரேட்டர் என்பார்கள். ஆறுமுகநயினார் அப்படி உட்கார்ந்தவர். அவருடைய அப்பா நமச்சிவாயமும் உட்கார்ந்தவர். இரண்டு தலைமுறை உட்கார்ந்து சேர்த்த பெயர் தொண்ணூற்றேழு.

வகுப்பில் பொய்யான தொழிற்சாலை ஒன்று திரைகளில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் பயிற்சியாளர்கள் வரிசையாக இருந்தார்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்த உடனே அடையாளம் சொல்லிவிடலாம். இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். தவறிக்கூட ஒரு விரல் எதிலும் பட்டுவிடக் கூடாதென்று வீட்டில் சொல்லி அனுப்பிய பழக்கம். இதற்கென்று சாயங்காலத்தில் டியூஷன் எடுக்கிறவர்களும் ஊரில் இருந்தார்கள். நல்ல வருமானம்.

கோமதி மட்டும் இரண்டு கைகளையும் வெளியே வைத்திருந்தாள். தகப்பனாருக்கு ஏதோ பார்க்கக்கூடாததைப் பார்த்தது போல் ஆகிவிட்டது.

பயிற்சி அதிகாரி ஜெபக்கனி எழுந்து வந்தாள். ஐம்பதை நெருங்குகிறவள். முன்பு பேனலில் இருந்தவள். "வாங்க சார். நேத்தே வருவீங்கன்னு நெனச்சேன்."

"என்னம்மா செஞ்சா?"

"வால்வை மூடினா."

"எந்த வால்வை?"

"மூடவேண்டிய வால்வைத்தான்."

"பிறகு எதுக்குப் புள்ளி போச்சு?"

"சிஸ்டம் மூடலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே இவ மூடிட்டா. அது நெனைக்கிறதுக்கு மாறா ஒரு கை செஞ்சா, அது தப்பான கை. பிற்பாடு அதுவே மூடியிருக்கும், அது வேற விசயம். போன புள்ளி போனதுதான்."

"அவ செஞ்சதுக்கு எம் பேர்ல ஏம்மா கை வைக்கீங்க?"

ஜெபக்கனி சிரித்தாள். "சேர்க்கும்போது நீங்கதானே கேட்டீங்க, எங்க வீட்டு மதிப்போட சேத்துக்கோங்கன்னு? புதுசா வர்ற கையைப் பத்தி சிஸ்டத்துக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாத கை சொன்னா கேக்காது. அதான் அப்பன், பாட்டன் எப்படி நடந்துக்கிட்டாங்கன்னு பாத்து, இதுவும் அப்படித்தான் இருக்கும்னு வச்சுக்குது. ரத்தத்தை நம்புது சார். நம்ம ஆளுங்க எழுதிக் குடுத்த சிஸ்டம், பின்ன எதை நம்பும்? பிள்ளை வேற மாதிரின்னு தெரிஞ்சா, அப்பனும் வேற மாதிரியோன்னு அதுக்குச் சந்தேகம் வருது. வராதா?"

"எங்க அப்பா பேனல்ல இருந்த காலம் பூரா ஒரு பொத்தானத் தொட்டதில்ல. நானும் தொட்டதில்ல. அலாரம் வந்தா 'பார்த்தேன்'னு மட்டும் அமுக்குவோம். அது பாட்டுக்குத் தானே சரியாயிரும். அந்த வம்சம்மா இது."

"தெரியும் சார். எனக்கு முப்பத்தொண்ணு. நான் தொட்டுக்கிட்டே இருந்தேன். நான் ஒண்ணை மூடுன்னா, ஏன்னு கேக்கும். நிசமாத்தானான்னு கேக்கும். இன்னொரு ஆளைக் கூட்டிட்டு வான்னு சொல்லும். அதான் என்னைப் படிச்சுக்குடுக்க அனுப்பிட்டாங்க. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல. நீங்க சொன்னா மறுபேச்சில்லாமக் கேக்கும்." சற்று நிறுத்தி, "சொல்லித்தான் பாத்ததில்ல" என்றாள்.

இந்தக் கிண்டலை ஆறுமுகநயினார் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. முப்பத்தொன்று பேசுவதைத் தொண்ணூற்றாறு காதில் வாங்கும் வழக்கம் மணற்காயலில் கிடையாது.

"இவளை இந்த அறையில வைக்காதீங்க. வெளிவேலைப் பயிற்சின்னு ஒண்ணு இருக்குல்ல, பம்ப்பு, குழாய்னு சுத்தி வர்றது? அதுக்கு அனுப்புங்க. அங்க அமுக்கறதுக்குப் பொத்தான் கிடையாது."

"பொத்தான் கிடையாது சார். அம்மோனியா உண்டு."

"அது கம்பெனி பாத்துக்கிடும். எனக்குப் பேரு முக்கியம்."

ஜெபக்கனி பதிவேட்டை எடுத்தாள். தொண்ணூற்றாறு கேட்டபடியே செய்தாள். மறுத்திருந்தால் அவருடைய கோரிக்கை இன்னும் மேலே போய், உத்தரவாகத் திரும்பி வந்திருக்கும்.

வீட்டில் கோமதி தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள். "அப்பா, நேத்து நான் மூடாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?"

"ஒண்ணும் ஆயிருக்காது. அது பொய்த் தொழிற்சாலை."

"பொய்த் தொழிற்சாலையில கையை வைக்காம இருந்துட்டு, நிசத் தொழிற்சாலையில போய் வைக்கணுமாக்கும்?"

"நிசத்துலயும் வைக்காண்டாம். ஏட்டி, பேனல்ல இருக்கறவன் மரியாதை எதுல இருக்கு தெரியுமா? அவன் கை சுத்தத்துல இருக்கு."

"சுத்தமான கைதான். ஒருநாளும் வேலை செய்யாத கை."

"கோமதி!" என்று உலகம்மாள் அதட்டினாள். "அப்பாட்ட பேசுத பேச்சா இது? வெள்ளிக்கிழமை வாரவங்க முன்னால இப்படிப் பேசி வைக்காத. அந்தப் பையன் தொண்ணூத்தஞ்சு."

"அவன் என்ன செய்வான்மா?"

"ஒண்ணும் செய்யமாட்டான். அவங்க வீட்டுல யாருமே செய்யமாட்டாங்க. தங்கமான குடும்பம்."

கோமதி சிரித்த சிரிப்பில் ஆறுமுகநயினாருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அவர் கணக்குத் தப்பவில்லை. கோமதி பொத்தான்களை விட்டு வெளியே போனதும் பலகை சமாதானமாகி, வெள்ளிக்கிழமைக்கு முன்பே தொண்ணூற்றேழுக்குத் திரும்பிவிட்டது. எதுவும் செய்யாமல் இருந்தால் மதிப்பு தானாகவே ஏறும். மாப்பிள்ளை வீட்டார் வந்து வாசலில் நின்று பலகையைப் படித்தார்கள். முகம் மலர்ந்து உள்ளே வந்தார்கள். பெண்ணை அதற்குப் பிறகு பார்த்தார்கள்.

ஆனி மாதம் மேல்காற்று பேயாக அடிக்கிற ஒரு முற்பகலில் ஆறுமுகநயினார் பேனலில் இருந்தார். குளிர்ந்த அறை. திரை முழுக்கப் பச்சை. பக்கத்திலிருந்த கம்பியில்லாக் கருவி கரகரத்தது.

"பேனல், பேனல். கோமதி பேசுதேன். மூணாம் பம்ப்பு பக்கத்துல அம்மோனியா கசியுது. பெரிய கசிவு. லைன் வால்வை மூடுங்க."

திரையைப் பார்த்தார். மூன்றாம் பம்ப் பச்சையாக இருந்தது. "இங்க ஒண்ணும் காட்டலையேம்மா."

"எப்படிக் காட்டும்? மோப்பக்கருவி பூரா மேற்க இருக்கு. காத்து கிழக்க தள்ளுது. அதுக்கு வாசமே போகலை. எனக்குக் கண்ணு எரியுது."

"கூட யாரு?"

"இசக்கியண்ணன் முகமூடி எடுக்க ஓடியிருக்காங்க."

"நீயும் வெளிய வந்துரு."

"கிழக்க கடற்கரையில கருவாடு காயப்போடுத பொம்பளைங்க நிக்காங்க. புகை அவங்க பக்கம்தான் போகுது. சீக்கிரம் மூடுங்க. கையால திருகி மூட இங்க கைச்சக்கரம் இருக்கு, ஆனா கசிவுக்கு அந்தாண்டை இருக்கு."

ஆறுமுகநயினாரின் கை மேசைமேல்தான் இருந்தது. சிஸ்டம் எல்லாம் நலம் என்கிறது. மகள் இல்லை என்கிறாள். சிஸ்டத்துக்கு மாறாக ஒரு பெரிய வால்வை மூடினால் போவது ஒரு புள்ளியல்ல. தொழிற்சாலை பாதி நின்றுபோகும். பத்துப் பதினைந்து புள்ளிகள் கொத்தாக விழும். எண்பத்திரண்டு! எதிர்வீட்டுக்காரனுக்குச் சரிசமமாக! அப்பாவின் பெயருக்கு நேரேயும் அந்த எண்தான் நிற்கும். செத்தவரால் எழுந்து வந்து விளக்கம் சொல்ல முடியாது. திருமண அழைப்பிதழ் வேறு அச்சுக்குப் போய்விட்டது. இரண்டு குடும்பங்களின் மதிப்பையும் போட்டு அடித்த அழைப்பிதழ்.

இவ்வளவையும் ஒரு மனிதர் நிதானமாக யோசித்து முடித்தார். யோசிப்பதற்கு அவகாசம் கொடுக்கிற வாயு அல்ல அம்மோனியா.

"பேனல்... மூடிட்டீங்களா?" என்று கேட்ட குரலில் இருமல் கலந்திருந்தது. அடுத்த முறை அந்தக் குரல் பேனல் என்று கூப்பிடவில்லை. "அப்பா" என்றது. அதற்கு மேல் இருமல்தான்.

ஆறுமுகநயினார் அமுக்கினார்.

வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கட்டளை இட்டார். தொண்ணூற்றேழு மதிப்புள்ள கை. மறுபேச்சில்லாமல் கேட்கவேண்டிய கை. திரை சற்று யோசித்தது. பிறகு மரியாதையான தமிழில் எழுதிக் காட்டியது:

'கட்டளை ஏற்கப்படவில்லை. இந்த இருக்கையில் இருப்பவர் திரு. ஆறுமுகநயினார் அல்லர் என்று கருதப்படுகிறது. திரு. ஆறுமுகநயினார் இதுவரை இத்தகைய கட்டளை எதையும் இட்டதில்லை. அவருடைய தந்தையாரும் இட்டதில்லை.'

"நாந்தான்!" என்று கத்திக்கொண்டே மறுபடி அமுக்கினார்.

'திரு. ஆறுமுகநயினார் பதற்றப்படுபவரும் அல்லர். ஐயம் உறுதியாகிறது. அவருடைய நற்பெயரைக் காக்கும்பொருட்டு இந்தப் பேனல் பூட்டப்படுகிறது.'

திரை இருண்டது. அந்த அறைச் சுவரில் முன்பு ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. யார் அமுக்கினாலும், யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் நிறுத்தும் பொத்தான். ஐந்து மதிப்புக்காரனுக்கும் தொண்ணூறு மதிப்புக்காரனுக்கும் ஒரே மாதிரி கீழ்ப்படிகிற பொத்தான் தங்களுக்கு அவமதிப்பு என்று பெரிய வீட்டார் மனுக் கொடுத்து அதைப் பிடுங்க வைத்திருந்தார்கள். மனுவில் முதல் கையெழுத்து ஆறுமுகநயினாருடையது. சுவரில் இப்போது திருகாணித் துளைகள்தான் இருந்தன. அவர் அந்தத் துளைகளின்மேல் கையால் அறைந்தார். பிறகு ஓடினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது வால்வு மூடியிருந்தது. முகமூடியோடு வந்த இசக்கி கோமதியை இழுத்து வந்து மேற்கே கிடத்தியிருந்தான். துப்பட்டாவை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு, கசிவுக்குள் புகுந்து, கைச்சக்கரத்தைத் திருகியிருக்கிறாள். கருவாட்டுப் பெண்கள் கண்ணெரிச்சலோடு தப்பித்துவிட்டார்கள். கோமதியின் தொண்டை வெந்துபோயிருந்தது.

மூன்றாம் நாள் மேனேஜர் வரதராஜுலு ஆறுமுகநயினாரைத் தன் அறைக்கு வரவழைத்து, எழுந்து நின்று கை கொடுத்தார்.

"பொண்ணு எப்படியிருக்கு?"

"கண்ணு தப்பிச்சிட்டு. குரல் திரும்புமான்னு சொல்ல முடியாதுங்காக."

"எல்லாம் கம்பெனி செலவு. நீங்க கவலைப்படாதீங்க. உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. தொண்ணூத்தெட்டு."

"என்னது?"

"உங்க மதிப்பு. அன்னைக்கு உங்க பேனல்ல யாரோ பூந்து உங்க பேர்ல கட்டளை போட்டிருக்கான். சிஸ்டம் கண்டுபிடிச்சுத் தடுத்துட்டது. பேனல்லேருந்து யாரும் தலையிடாமலே வால்வ் மூடியிருக்கு. அதாவது நீங்க தலையிடாம இருந்ததுதான் சரியான முடிவு. கைச்சக்கரத்துக்கு வயர் கிடையாது, அதைத் திருகினது யாருன்னு அதுக்குத் தெரியாது. உங்க பொண்ணும் பயிற்சிக் காலத்துல தப்பா ஒரு பொத்தானையும் தொடலை. பயிற்சியில பாஸ் ஆயிட்டா."

ஆறுமுகநயினார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. "சார், பூந்தது யாருமில்ல. நாந்தான் அமுக்கினேன். ரெண்டு தடவை."

வரதராஜுலு சிரித்தார். "பொண்ணு மேல இருக்கற பாசத்துல சொல்றீங்க."

"நான் பொய் சொல்லமாட்டேன்."

"அது ஊருக்கே தெரியும். சிஸ்டமும் சொல்லாது. இப்ப ரெண்டு பேர்ல ஒருத்தர் சொல்றது தப்பு." குரலைத் தாழ்த்தினார். "நயினார் சார், நல்லா யோசிங்க. நீங்கதான்னு எழுதினா, சிஸ்டத்துக்கு உங்களைத் தெரியலைன்னு ஆகும். உங்களைத் தெரியாத சிஸ்டம் கொடுத்த தொண்ணூத்தேழுக்கு என்ன அர்த்தம்? உங்கப்பாவுக்குக் கொடுத்ததுக்கு என்ன அர்த்தம்? இங்க வரிசையா இருக்கற வீடு ஒவ்வொண்ணுக்கும் என்ன அர்த்தம்? எல்லார் பலகையையும் கழட்டணும். உங்கப்பா பேர்ல இருந்து ஆரம்பிக்கணும்."

அன்று இருக்கையில் இருந்தது ஆறுமுகநயினார் அல்ல, யாரோ அந்நியன் என்று அச்சடித்த தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

ஆறுமுகநயினார் அந்தத் தாளைக் கையில் எடுத்தார். தம் பெயரை மட்டும் விட்டுக்கொடுப்பதாயிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பார் என்றே நினைத்துக்கொண்டார். அப்பாவின் பெயரை எப்படி? கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து.

ஆஸ்பத்திரியில் கோமதி தலையணையில் சாய்ந்திருந்தாள். கழுத்தைச் சுற்றிக் கட்டு. உலகம்மாள் மாப்பிள்ளை வீட்டாரிடம் தொண்ணூற்றெட்டைச் சொல்ல வராந்தாவுக்குப் போன சமயம் பார்த்து, அவர் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டார்.

"ஏட்டி, உங்கிட்ட மட்டும் சொல்லுதேன். அன்னைக்கு நாந்தான் அமுக்கினேன்."

கோமதி அவரைப் பார்த்தாள். காற்று உரசுவது போன்ற குரலில் கேட்டாள். "அது யாரோ வேற ஆளுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டீங்களாமே. அம்மா சொன்னா."

"அது உங்க தாத்தா பேருக்காவப் போட்டது. அமுக்கினது நான். நீ அப்பான்னு கூப்பிட்டே. உடனே அமுக்கிட்டேன்."

'உடனே' என்ற சொல்லைச் சொல்லும்போது அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"சத்தியமா அமுக்கினேன்மா. இந்த விரலு."

கோமதி அந்த விரலைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் அவள் அதுவரை பார்த்திராத ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும். மெல்லக் கையை நீட்டி அவர் முழங்கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"சரிப்பா," என்றாள். "அமுக்கினீங்க."

நாலு வயதில் கடலுக்குள்ளே யானை நிற்பதைத் தன் கண்ணால் பார்த்ததாக அவள் அழுது அடம்பிடித்தபோது, அவரும் இதே குரலில்தான் 'சரிம்மா, பாத்தே' என்று சொல்லியிருந்தார்.